பெருநிறுவனத்தின் இஆர்பியைக் கிளவுடுக்கு மாற்றுவது எப்படி

நிதி, கொள்முதல், பண்டகசாலை, உற்பத்தித் திட்டம், சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒரே இஆர்பி மென்பொருளில், சொந்த சர்வர் அறையில் வைத்துப் பல ஆண்டுகளாக நடத்திவரும் உற்பத்தி நிறுவனங்கள் இந்தியாவில் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில், "எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்ற பொறுப்பு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு மாற்றும் வேலை, யார் தலையில் விழுகிறதோ அவருக்காக இது எழுதப்படுகிறது. மையத்தில் இருக்கும் மென்பொருளை நகர்த்துவதற்குப் பழகிய கருவிகளும் தேர்ந்த ஆட்களும் கிடைப்பார்கள். அதைச் சுற்றி ஆண்டுக்கணக்கில், யாரும் ஆவணப்படுத்தாமல் முளைத்த சிறுசிறு இணைப்புகளுக்கு அப்படி எதுவும் கிடைக்காது. ஆகவே திட்டத்தின் நேரத்தையும் திறமையான ஆட்களையும் இரண்டாவதற்கே அதிகமாக ஒதுக்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய இஆர்பியான ஈசிசி 6.0ஐப் பயன்படுத்துவோருக்கு ஒரு கெடுவும் இருக்கிறது. அதன் பிந்தைய மேம்பாட்டுத் தொகுப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 இறுதி வரை நீட்டித்துக்கொள்ளலாம். இந்தக் கெடுவைக் காரணம் காட்டி, அதன் அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானாவுக்கு மாறுவதையும் கிளவுடுக்கு மாறுவதையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. எஸ்/4ஹானாவில் நிதிக் கணக்கும் செலவுக் கணக்கும் ஒரே பேரேட்டு அட்டவணைக்குள் வந்துவிடுகின்றன. வாடிக்கையாளரும் சப்ளையரும் 'பிசினஸ் பார்ட்னர்' என்ற ஒரே பதிவின் கீழ் வருகிறார்கள். மாற்றத்துக்கு மறுநாள் ஓர் இருப்புத்தொகை பொருந்தவில்லையென்றால், அது புதிய இடத்தால் வந்த கோளாறா, புதிய கட்டமைப்பால் வந்த கோளாறா என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போய்விடும். கால அவகாசம் இருக்கும் வரை இரண்டையும் பிரித்துச் செய்வதே நல்லது. ஒரு விதிவிலக்கைச் சொல்லலாம். பழைய தரவுத்தளம் ஏஐஎக்ஸ் அல்லது எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகிறது என்றால், கிளவுடில் கிடைக்கும் லினக்ஸ் எக்ஸ்86 சர்வர்களில் பைட்டுகளின் வரிசை முறை வேறு என்பதால், தரவு முழுவதையும் ஏற்றுமதி செய்து மீண்டும் இறக்குமதி செய்துதான் ஆகவேண்டும். எப்படியும் அந்த வேலையைச் செய்யப்போகிறீர்கள் என்பதால் தரவுத்தள மென்பொருளை மட்டும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். வணிக நடைமுறைகளில் கைவைக்க வேண்டாம்.

முதல் வேலை: கணக்கெடுப்பு

சர்வர் பட்டியல் கேட்டால் ஓர் எக்செல் கோப்பு வரும். அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம்பிவிடக் கூடாது. ஸ்விட்சுகளிலும் ஃபயர்வாலிலும் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போக்குவரத்து நடக்கிறது என்பதைப் பதிவுசெய்யத் தொடங்கி, குறைந்தது ஒரு காலாண்டு முடிவைத் தாண்டும்வரை அதை ஓடவிட வேண்டும். மாதத்தின் நடுவில் இரண்டு வாரம் மட்டும் கவனித்தால், காலாண்டுக்கு ஒருமுறை டிடிஎஸ் விவரக் கோப்பை எடுத்துச்செல்லும் நிரலோ, மாத முடிவில் மட்டும் விழித்துக்கொள்ளும் செலவுப் பகிர்வு வேலையோ கண்ணில் படாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடப்பவற்றை, எடுத்துக்காட்டாகக் கையிருப்புச் சரிபார்ப்பின்போது பயன்படும் கைக்கருவிகளின் இணைப்பை, இந்தப் பதிவுகளும் காட்டா. அவற்றைப் பண்டகசாலைப் பொறுப்பாளரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

இதோடு மென்பொருளுக்குள்ளேயும் தேட வேண்டும். எஸ்ஏபியில் எஸ்எம்59 திரை வெளி இணைப்புகளையும், எஸ்எம்37 பின்னணி வேலைகளையும், டபிள்யூஇ20 ஐடாக் எனும் எஸ்ஏபி தரவு ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும் கூட்டாளிகளையும் காட்டும். இயங்குதளத்தில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் கிரான் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். தரவுத்தளத்துக்குள் மென்பொருளைத் தாண்டி நேரடியாக நுழையும் பயனர் கணக்குகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். கணக்குப் பிரிவில் யாரோ எழுதிவைத்து, எழுதியவர் வேலையை விட்டுப் போன பின்னும், நிர்வாக இயக்குநரின் காலை அறிக்கையைத் தயாரித்துக்கொண்டிருக்கும் எக்செல் மேக்ரோ பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

ஓர் உற்பத்தி நிறுவனத்தில் எவையெல்லாம் வெளிப்படும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். வாயிலில் இருக்கும் எடைமேடைக் கணினி, லாரியின் எடையை நேரடியாக ஓர் அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும். வருகைப் பதிவுக் கருவிகள் இரவில் சம்பளப் பகுதிக்குக் கோப்பு அனுப்பும். அனுப்புகைப் பிரிவின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சர்வர் அறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மட்டுமே ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும். விலைப்பட்டியலில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கான யூஎஸ்பி டோக்கன் சர்வரின் முதுகில் செருகப்பட்டிருக்கும்; கிளவுட் சர்வரில் செருகுவதற்கு இடம் கிடையாது என்பதால், கையொப்பச் சாவிகளைப் பூட்டிவைக்கும் வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகத்தின் வழியாகக் கையொப்பமிடும் சான்றிதழுக்கு முன்கூட்டியே மாற வேண்டும். பணம் செலுத்தச் சொல்லும் கோப்பு வங்கிக்குத் தானாகப் போகும் இணைப்பில், இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் பழைய ஐபி முகவரியை மட்டுமே வங்கி அனுமதித்திருக்கும். அதை மாற்றித்தரும்படி வங்கியில் கோரிக்கை வைத்தால் அது பல மேசைகளைக் கடந்து வரவேண்டும். கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை. விலைப்பட்டியல்களை அரசிடம் பதிவுசெய்யும் ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் தளத்தோடு நேரடியாக இணைந்திருந்தால் அங்கேயும் பதிவுசெய்த முகவரியை மாற்ற வேண்டும். மோட்டார் வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் தருபவராக இருந்தால், சரக்கு புறப்படும் முன்னறிவிப்பு அவர்களின் கணினிக்குப் போகாமல் லாரியை அவர்கள் வாயிலுக்குள் விடவே மாட்டார்கள்.

ஒவ்வோர் இணைப்புக்கும் நான்கு விவரங்கள் எழுதப்பட வேண்டும்: அதற்குப் பொறுப்பான மனிதர் யார், அது நின்றால் எது நிற்கும், எத்தனை மணி நேரம் கையால் எழுதிச் சமாளிக்கலாம், புதிய இடத்தில் அது வேலை செய்கிறது என்பதை எப்படி உறுதிசெய்வது. முதல் விவரம் காலியாக இருக்கும் வரிகளே மிகவும் ஆபத்தானவை. பொறுப்பாளர் கிடைக்காத இணைப்பை, திட்டமிட்ட ஒரு நாளில் அறிவித்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் அவரே பொறுப்பாளர், யாரும் கூப்பிடவில்லையென்றால் ஒரு வேலை குறைந்தது.

நிரல்களுக்குள்ளும் அமைப்புக் கோப்புகளுக்குள்ளும் நேரடியாக எழுதப்பட்டிருக்கும் ஐபி முகவரிகளைப் பெயர்களாக மாற்றும் வேலையை, பழைய சர்வர் அறையில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இதை முன்பே முடித்துவிட்டால், மாற்றத்தன்று பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள் சிலவற்றை மாற்றுவதோடு பாதி இணைப்புகள் புதிய இடத்தை நோக்கித் திரும்பிவிடும். முடிக்காவிட்டால் அந்த இரவில் நூற்றுக்கணக்கான இடங்களைத் தேடித்தேடித் திருத்த நேரும்.

கணக்கெடுப்பு முடிந்ததும், எதை அப்படியே நகர்த்துவது, எதைச் சந்தா மென்பொருளால் மாற்றுவது, எதை ஆலையிலேயே விட்டுவைப்பது, எதை மூடிவிடுவது என்று பிரித்துக்கொள்ளலாம். இதற்கு நீண்ட கூட்டங்கள் தேவையில்லை. இயந்திரங்களோடு பேசும் உற்பத்திக் கட்டுப்பாட்டு மென்பொருளும் எடைமேடையும் லேபிள் அச்சடிப்பும் ஆலையிலேயே இருக்கட்டும். இணையம் அறுந்தாலும் சில மணி நேரம் ஆலை தானாக ஓடி, இணைப்பு வந்ததும் விவரங்களை அனுப்பிவிடும்படி அவற்றை அமைக்க வேண்டும். ஆலைக்கு இரண்டு இணைய நிறுவனங்களின் இணைப்பு இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கம்பிகளும் ஒரே பள்ளத்தில் போகின்றனவா என்று கேளுங்கள். சாலை தோண்டும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கே, எந்தச் சட்டத்தின் கீழ்

ஏடபிள்யூஎஸ் மும்பையிலும் ஹைதராபாத்திலும், கூகுள் கிளவுட் மும்பையிலும் டெல்லியிலும், மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களிலும் தரவு மையங்களை நடத்துகின்றன. ஆகவே முதன்மை இடத்தையும் பேரிடர் கால மாற்று இடத்தையும் இரண்டு வெவ்வேறு நகரங்களில், நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும். தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் தரவுத்தளத்துக்குத் தேவையான பெரிய நினைவக அளவு கொண்ட சர்வர் வகை அந்த நகரத்தில் கிடைக்கிறதா என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். எல்லா நகரத்திலும் எல்லா வகையும் இருப்பதில்லை.

கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் காப்புநகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற தணிக்கைத் தடம் அணைக்க முடியாதபடி இயங்க வேண்டும். தணிக்கையாளரும் இதைப் பற்றித் தம் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். நடுநிதியாண்டில் இடம் மாறும்போது பழைய சர்வரின் தடமும் புதிய சர்வரின் தடமும் இடைவெளியின்றித் தொடர்கின்றன என்பதைக் காட்டும் ஆவணத்தை அன்றே தயாரித்து வைத்தால், அடுத்த தணிக்கையில் தலைவலி குறையும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. கிளவுட் நிறுவனம் இந்தப் பொறுப்பை உங்களுக்காக ஏற்றுக்கொள்ளாது. கட்டடமும் வன்பொருளும் அதன் பொறுப்பு. பயனர் உரிமைகளும் பதிவுகளும் தரவும் உங்கள் பொறுப்பு.

காப்புநகலின் ஒரு பிரதியாவது அந்தக் கிளவுட் நிறுவனத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் கட்டமைப்பு, ஒரு தவறான அமைப்பின் விளைவாக, இரண்டு இடங்களிலும் சேர்த்தே அழிக்கப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் காப்புநகல் வைத்திருந்தது மீட்புப் பணிக்குப் பெரிதும் கைகொடுத்தது.

தூரம் பற்றி ஒரு கணக்கு. மென்பொருள் ஓடும் சர்வரையும் தரவுத்தளத்தையும் பிரித்து, ஒன்றைக் கிளவுடிலும் மற்றொன்றை ஆலையிலும் "இப்போதைக்கு" வைக்கலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். மாத முடிவு வேலை ஒன்று தரவுத்தளத்தை 10 லட்சம் முறை கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 20 மில்லிநொடி கூடினால், மொத்தம் 20,000 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம் கூடும். திரையின் முன் அமர்ந்திருக்கும் பயனருக்கு அந்த 20 மில்லிநொடி தெரியவே தெரியாது. ஆகவே பயனர் தொலைவில் இருக்கலாம், இவை இரண்டும் பிரியக் கூடாது.

தரவைக் கொண்டுசெல்லுதல்

20 டெராபைட் தரவை நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அனுப்பினால், இணைப்பு முழுவதையும் பயன்படுத்தினாலும் 44 மணி நேரத்துக்கு மேலாகும். நடைமுறையில் கிடைக்கும் 70 விழுக்காடு வேகத்தில் ஏறத்தாழ 63 மணி நேரம். வெள்ளி இரவு 10 மணிக்கு நிறுத்தித் திங்கள் காலை 6 மணிக்குத் திறக்க வேண்டுமென்றால் கையில் இருப்பதோ 56 மணி நேரம். ஆகவே முழு நகலைச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டு, அதன்பின் நடக்கும் மாற்றங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருந்து, கடைசி நாளில் மிச்சத்தை மட்டும் சேர்க்கும் முறைதான் பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். அதற்கு முன் பழைய தரவை ஆவணக் கிடங்குக்கு ஒதுக்கிவிட்டால் அளவும் குறையும், நினைவகத்தில் இயங்கும் ஹானா தரவுத்தளத்துக்கான வாடகையும் குறையும். கம்பெனிகள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், ஒதுக்கலாம், அழிக்கலாகாது.

நாள் குறித்தல்

திட்ட மேலாளர்கள் முதலில் ஒரு தேதியை அறிவித்துவிட்டு, பிறகு கணக்குப் பிரிவிடம் சொல்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டிடிஎஸ் கட்ட 7, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய 11, பிஎஃப், ஈஎஸ்ஐ கட்ட 15, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய 20 என்று மாதம் முழுவதும் கெடுக்கள் நிற்கின்றன. 25க்குப் பிறகு சம்பள வேலை சூடுபிடிக்கும். கடைசி இரண்டு நாள்களில் விற்பனைப் பிரிவு விலைப்பட்டியல்களைக் கொட்டித் தீர்க்கும். ஆக மாதத்தில் உருப்படியாகக் கிடைப்பது 20க்கும் 25க்கும் இடையே வரும் வாரயிறுதி ஒன்றுதான். சில மாதங்களில் அதுவும் வராது. மார்ச், ஏப்ரல் மாதங்களையும், தணிக்கை நடக்கும் மே மாதத்தையும் தள்ளிவைத்துவிட்டால் ஆண்டில் தேறும் வாரயிறுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்நாட்டில் ஆலை வைத்திருப்போருக்குப் பொங்கல் விடுமுறை ஆசைகாட்டும். அது ஜிஎஸ்டிஆர்-3பிக்கு முன் வருகிறது என்பதோடு, ஏதாவது சிக்கினால் உதவ வேண்டிய ஆட்களும் அப்போது ஊருக்குப் போயிருப்பார்கள்.

ஒத்திகை

முழு ஒத்திகை மூன்று முறையாவது நடக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, எது தவறும் என்று தெரிந்துகொள்ள. இரண்டாவது, எவ்வளவு நேரமாகும் என்று அளக்க. மூன்றாவது, உண்மையான ஆட்கள், உண்மையான நேரத்தில், இரவு உட்பட. ஒத்திகையின் வெற்றியைத் தொழில்நுட்பக் குழு அறிவிக்கக் கூடாது. பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எடுத்த இருப்பாய்வு (டிரையல் பேலன்ஸ்) பைசா வரை ஒத்துப்போகிறது, நிலுவையில் உள்ள வாடிக்கையாளர், சப்ளையர் பாக்கிகள் வயது வாரியாக ஒத்துப்போகின்றன, கிடங்கு வாரியாகக் கையிருப்பின் அளவும் மதிப்பும் ஒத்துப்போகின்றன என்று நிதித் தலைவர் கையெழுத்திட வேண்டும்.

சோதனையில் அரைகுறையாக நின்றவர்களின் கதைகள் பொதுப் பதிவில் இருக்கின்றன. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களை ஒரே வாரயிறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. இணைந்து இயங்க வேண்டிய இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே முழு அளவுச் சோதனை நடந்திருந்தது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. இதன் தொடர்ச்சியாக 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. நமக்கு இன்னும் நெருக்கமானது பர்மிங்காம் மாநகராட்சியின் அனுபவம். எஸ்ஏபியில் இருந்த நிதி, பணியாளர் அமைப்புகளை அது 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் கிளவுட் மென்பொருளுக்கு மாற்றியது. மென்பொருளுக்கேற்ப நடைமுறையை மாற்றிக்கொள்வதாகத் தொடங்கிய திட்டம், போகப்போக நடைமுறைக்கேற்ப மென்பொருளை வளைக்கும் திட்டமாக மாறிற்று. அப்படி வளைத்து உருவாக்கிய வங்கிக் கணக்கு ஒப்பீட்டுப் பகுதி சரிவர இயங்காததால், வந்த பணம் எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று ஊழியர்கள் கையால் தேடிப் பொருத்த வேண்டியதாயிற்று. வங்கி ஒப்பீட்டை ஒத்திகையில் ஒரு முழு மாதத்தின் உண்மையான வங்கி அறிக்கைகளோடு ஓட்டிப் பார்க்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

மாற்றும் இரவு

மணி வாரியான அட்டவணையில், "திரும்பிப் போக முடியாத நேரம்" எது என்பதைத் தனியே குறித்துவைக்க வேண்டும். சர்வர் தயாராகும் நேரம் அதுவாகாது. புதிய இடத்திலிருந்து முதல் மின்-விலைப்பட்டியல் பதிவெண் பெறப்படும் நேரமோ, முதல் பணப்பட்டுவாடா கோப்பு வங்கிக்குப் போகும் நேரமோதான் அது. பதிவெண்ணை 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்ய முடியும். வங்கிக்குப் போன பணம் திரும்பாது. ஆகவே திறந்தவுடன் முதலில் பார்வையிடும் உரிமை மட்டும் தந்து, சரிபார்ப்புகளை முடித்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் "போகலாம்" என்று எழுத்தில் சொன்ன பிறகே இந்த இரண்டு கதவுகளையும் திறக்க வேண்டும். அந்த ஒருவர் நிதித் தலைவராக இருப்பது நல்லது. அவருக்குத் தூங்க இடமும் கொடுங்கள்.

பழைய சர்வரில் பின்னணி வேலைகளை மறக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் ஒரே பணப்பட்டுவாடா வேலை விழித்துக்கொண்டால், சப்ளையர்களுக்கு இரண்டு முறை பணம் போகும்.

அதன் பிறகு

முதல் மாத முடிவு நல்லபடியாகக் கழியும் வரை திட்டக் குழுவைக் கலைக்காதீர்கள். ஒன்று அல்லது மூன்று ஆண்டுகளுக்கு முன்பதிவு செய்து தள்ளுபடி பெறும் ஒப்பந்தங்களில், இரண்டு மூன்று மாதப் பயன்பாட்டை அளந்த பின்பே கையெழுத்திட வேண்டும்; பழைய சர்வரின் அளவை வைத்துக் கணித்த தேவை பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். சோதனைக்கான சர்வர்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓடவேண்டியதில்லை. வேலை நாள்களில் 12 மணி நேரம் என்றால் 60 மணி நேரம்தான். தானாக அணைந்துகொள்ளும்படி அமைத்தால், மணிக்கணக்கில் செலுத்தும் வாடகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிச்சமாகும். ஆரக்கிள் தரவுத்தளம் வைத்திருப்போர், அந்நிறுவனத்தின் கிளவுட் உரிமக் கொள்கையில் சொந்த சர்வரின் பிராசஸர் கோர்களைக் குறைத்து எண்ணும் கோர் விகிதச் சலுகை கிடையாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு விசிபியூ (கிளவுடின் மெய்நிகர் பிராசஸர்) ஒரு பிராசஸர் உரிமமாக எண்ணப்படும்.

பழைய அமைப்பை, திருத்த முடியாத நிலையில், அடுத்த ஆண்டுத் தணிக்கை முடியும்வரை வைத்திருப்பது வழக்கம். அதன்பின் வட்டுகளை அழித்ததற்கான சான்றிதழை வாங்கி, நிலையான சொத்துப் பதிவேட்டிலிருந்து அந்த சர்வர்களை நீக்கி, அவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் முறைப்படி முடித்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் செய்யத் தவறியதால், இல்லாத சர்வருக்கு இரண்டாம் ஆண்டும் பராமரிப்புக் கட்டணம் தானாகவே புதுப்பிக்கப்படுவது நிறுவனங்களில் அரிதன்று.